ஒரே சில்லு, மூணு பெயர்!

2009 ஆகஸ்ட். சித்தப்பா மகனுக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். லேப்டாப்புக்குக் காசு பற்றாது, அசெம்பிள் செய்துகொள்ளலாம் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினோம். அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. ஹாஸ்டல் சீனியர் எழுதிக் கொடுத்தது: ‘கோர் டூ டுயோ இ6300’.

மாடியில் ஒரு கடை. உள்ளே போனவர் திரும்பி நிற்க இடம் இல்லாத அளவுக்கு மதர்போர்டு அட்டைப்பெட்டிகள். கடைக்காரர் கொட்டேஷன் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘டூயல் கோர்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கூடுதல் விலையில், ‘கோர் டூ டுயோ’ என்று இன்னொரு வரி.

“அண்ணே, டுயோவிலும் ரெண்டு கோர்தானே? அப்போ அதுவும் டூயல் கோர்தானே?” என்று கேட்டேன்.

“இல்ல சார். அது டுயோ. இது டூயல். டுயோன்னா பெரிய அயிட்டம்.”

இந்தப் பதிலை நண்பர்களிடம் பல நாள் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, மனிதர் சொன்னது அட்சரசுத்தமான உண்மை என்று. கோளாறு அவரிடம் இல்லை. பெயர் வைத்தவர்களிடம் இருந்தது.

சீட்டை நீட்டினோம். “இ6300 இருக்கு, போட்டுத் தந்துடறேன்” என்றார். பில்லிலும் அந்த எண் மட்டும்தான். வீட்டுக்கு வந்து மானிட்டரை மாட்டி, ‘மை கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் செய்து பார்த்தான் தம்பி. ‘பென்டியம் டூயல் கோர் இ6300’ என்று வந்தது. முகம் சுருங்கிவிட்டது. “ஏமாத்திட்டாங்கண்ணா” என்றான்.

ஏமாற்றித்தான் விட்டார்கள். ஆனால் எப்படி ஏமாந்தோம் என்று கேளுங்கள். சீனியர் எழுதிக் கொடுத்த கோர் டூ டுயோ இ6300, இன்டெல் 2006 ஜூலையில் வெளியிட்டது. வேகம் 1.86 கிகாஹெர்ட்ஸ், 65 நானோமீட்டர் தயாரிப்பு. எங்கள் கைக்கு வந்த பென்டியம் இ6300, 2009 மே மாதத்துச் சரக்கு. 2.8 கிகாஹெர்ட்ஸ், 45 நானோமீட்டர். கேச் இரண்டிலும் 2 எம்பி. முதலாவது வெளிவந்தபோது விலை 183 டாலர். இரண்டாவது 84 டாலர். பாதி விலைக்கும் குறைவாக, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் சரக்கை வாங்கிக்கொண்டு ஏமாந்து போய் உட்கார்ந்திருந்தோம்!

ஒரே நிறுவனம், ஒரே எண், இரண்டு வேறு பொருள்கள். ஐயோ பாவம், எண் தீர்ந்துபோய்விட்டதா என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஜனவரியிலேயே பென்டியம் இ6600 வந்தது. கோர் டூ டுயோவிலும் இ6600 உண்டு. அதில் 4 எம்பி கேச், இதில் 2 எம்பி.

‘டூயல் கோர்’ என்பது ஓர் எண்ணிக்கை. கணக்குப் போடும் மூளை ஒரு சில்லுக்குள் இரண்டு இருக்கிறது என்று சொல்வது, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையை ஒரு நிறுவனம் எடுத்துப் பெயராக வைத்தது. பெயரானதும் அது ஒரு படிநிலையானது. ‘இரண்டு’ என்ற பொருள் கழன்று, ‘மலிவானது’ என்ற பொருள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பட்ஜெட் பிராசஸர்களின் முப்பது வருடக் கதையே இந்தச் சறுக்கல்தான்.

எண்ணுக்குப் பட்டா கிடையாது

ஆரம்பத்தில் பெயரே இல்லை, எண்தான். 8086, 286, 386, 486. ‘உங்க வீட்ல 386-ஆ 486-ஆ’ என்று கேட்டால் போதும், யாருடைய மெஷின் உசத்தி என்று சின்னப் பையனுக்கும் தெரியும். இன்டெல்லுக்கு இதில் ஒரே ஒரு சங்கடம். ஏஎம்டி நிறுவனமும் தன் சில்லுக்கு 386 என்றே பெயர் வைத்தது. வழக்குப் போனது. 386 என்பது பொதுச்சொல், தனி ஒருவருக்கு வணிக முத்திரையாகத் தர முடியாது என்று 1991-ல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் ‘இன்டெல் இன்சைட்’ விளம்பரம் தொடங்கியது. 1993 மார்ச்சில், 586 என்று வந்திருக்க வேண்டிய சில்லு, ‘பென்டியம்’ என்று வந்தது. ஐந்துக்கான கிரேக்கச் சொல்லோடு, தனிமங்களின் பெயர் போல ஒரு வால். லெக்சிகான் என்ற பெயர்சூட்டும் நிறுவனம் கொடுத்தது.

பெயர் அமோகமாக ஓடியது. கம்ப்யூட்டர் என்றாலே பென்டியம் என்று ஆனது. பிறகு சிக்கல் வேறு மாதிரி வந்தது. ஏஎம்டியும் சைரிக்ஸும் விலையைக் குறைத்து, ஆயிரம் டாலருக்குள் முழு கம்ப்யூட்டர் என்ற சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. இன்டெல்லும் அங்கே இறங்கியாக வேண்டும். பென்டியத்தின் விலையைக் குறைத்தால் பெயரின் மவுசு போய்விடும். அதனால் 1998 ஏப்ரலில் ‘செலரான்’ பிறந்தது.

முதல் செலரான், பென்டியம் 2-ல் இருந்து இரண்டாம் நிலைக் கேச்சை அப்படியே பிடுங்கி எறிந்த சில்லு. கேச் என்பது பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அஞ்சறைப்பெட்டி. கடுகு, சீரகம் எல்லாம் கை எட்டும் தூரத்தில். அது இல்லாவிட்டால் தாளிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும், அதுதான் ரேம். 266 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் முதல் செலரான் மூச்சிரைத்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

இன்டெல் நான்கே மாதத்தில் திருத்திக்கொண்டது. ஆகஸ்டில் வந்த ‘செலரான் 300ஏ’வில் சில்லுக்குள்ளேயே 128 கேபி கேச் இருந்தது. சிறியதுதான், ஆனால் பிராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-ல் 512 கேபி இருந்தும் பாதி வேகத்தில்தான் ஓடியது. கில்லாடிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்: மதர்போர்டில் பஸ் வேகத்தை, அதாவது பிராசஸரும் ரேமும் பேசிக்கொள்ளும் தடத்தின் வேகத்தை, 66-ல் இருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 300ஏ, 450-ல் ஓடியது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பென்டியம் 2-க்குப் பக்கத்தில் நின்றது. மலிவான பெயருக்குள் விலையுயர்ந்த சரக்கு ஒளிந்திருக்கலாம் என்று பட்ஜெட்காரர்களுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தச் சில்லின் உள்பெயர் ‘மெண்டோசினோ’. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

‘டி’ என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்?

2004 வரை போட்டி வேகத்தில். பென்டியம் 4-ஐ 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லிவந்த இன்டெல், அந்த வருட அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டது. வெப்பம் தாங்கவில்லை. இனி வேகத்தைக் கூட்ட முடியாது, மூளையைக் கூட்டுவோம் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்தார்கள். 2005 மே மாதம் இன்டெல்லின் ‘பென்டியம் டி’யும் ஏஎம்டியின் ‘அத்லான் 64 எக்ஸ்2’வும் வந்தன.

ஏஎம்டி வைத்த பெயர் நேர்மையானது. எக்ஸ்2 என்றால் ரெண்டு, விஷயம் முடிந்தது. இன்டெல்லின் ‘டி’யும் ரெண்டைத்தான் குறித்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே ‘செலரான் டி’ என்று ஒன்றை விற்பனைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரே ஒரு கோர்! பென்டியம் டி-யில் இரண்டு, செலரான் டி-யில் ஒன்று. அந்த நாளில் ‘டி போட்டிருக்கு, ரெண்டு மூளை’ என்று நம்பி செலரான் டி வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

2006-ல் பென்டியத்தை ஓரம்கட்டிவிட்டு ‘கோர்’ என்றே புதுப்பெயர் வைத்தார்கள். பெயர்சூட்டு விழாக்களின் வரலாற்றில் இதைவிடக் குழப்பமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உறுப்பின் பெயரையே ஆளுக்கு வைத்ததுபோல. ஜனவரியில் ‘கோர் டுயோ’. ஜூலையில் ‘கோர் டூ டுயோ’. இதில் ‘டூ’ என்பது இரண்டாம் தலைமுறை, ‘டுயோ’ என்பதுதான் கோர்களின் எண்ணிக்கை. அதன்படி ‘கோர் டூ குவாட்’ என்றால் நான்கு கோர். ‘கோர் டூ சோலோ’ என்றும் ஒன்று வந்தது. பெயரில் கோர் இருக்கிறது, ரெண்டு இருக்கிறது. உள்ளே இருந்தது ஒன்று.

சரக்கு என்னவோ பிரமாதம். பென்டியம் டி போல அடுப்பாகக் கொதிக்காமல், குறைந்த மின்சாரத்தில் அதைத் தூக்கிச் சாப்பிட்டது கோர் டூ டுயோ. அதனால் பென்டியம் என்ற பழைய பட்டத்து யானை வேலையில்லாமல் நின்றது. இவ்வளவு காசு கொட்டி வளர்த்த பெயரைப் புதைக்க எந்தக் கம்பெனிக்காவது மனசு வருமா? 2007-ல் அதைப் படி இறக்கி, செலரானுக்கு மேலே, கோர் டூ டுயோவுக்குக் கீழே கட்டிப்போட்டார்கள். ‘பென்டியம் டூயல் கோர்’ பிறந்தது அப்படித்தான். டெஸ்க்டாப்பில் முதலில் வந்தவை இ2140, இ2160. கோர் டூ டுயோவின் அதே கட்டமைப்பு, கேச் மட்டும் 1 எம்பி. 2008-ல் ‘செலரான் டூயல் கோர்’ வந்தது, 512 கேபியோடு.

லேப்டாப் பக்கம் இன்னும் மோசம். பென்டியம் டூயல் கோர் டி2060, டி2080 இரண்டும் பழைய கோர் டுயோவின் வழிவந்தவை. 64 பிட் கிடையாது. அதே பெயரில் வந்த டெஸ்க்டாப் சில்லில் 64 பிட் உண்டு. பெயரை நம்பி வாங்கியவர், சில வருடம் கழித்து 64 பிட் விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டபோதுதான் வித்தியாசத்தைக் கண்டார்.

இப்போது ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணனின் வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். அது டுயோ, இது டூயல். இன்டெல்லின் விளம்பரத் துறையே இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அரிசி ஆலைக் கணக்கு

ஏன் இத்தனை பெயர்கள்? வியாபாரத் தந்திரம் மட்டும்தானா? பாதிதான். மீதிப் பாதி தொழிற்சாலையில் இருக்கிறது.

சில்லுகளைத் தனித்தனியாகச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிக்கான் தட்டு ஒன்றில், பணியாரக் கல்லில் மாவு ஊற்றியதுபோல நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் அச்சாகின்றன. எங்கள் பென்டியம் இ6300-இன் சில்லு 82 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 22 கோடியே 80 லட்சம் டிரான்சிஸ்டர்கள். கணக்குப் போட்டால் ஒரு தட்டில் 700-க்கு மேல் பிடிக்கும். எல்லாம் ஒன்றுபோல வருவதில்லை. ஒன்று அதிக வேகத்தைத் தாங்கும், ஒன்று தாங்காது. ஒன்றில் தூசு விழுந்து கேச்சின் ஒரு மூலை கெட்டிருக்கும். கெட்ட பகுதியை அடைத்துவிட்டு மீதியை விற்கலாமே?

அரிசி ஆலையில் செய்வது இதைத்தான். முழு அரிசி ஒரு விலை, நொய் ஒரு விலை, குருணை ஒரு விலை. ஒரே நெல்லில் இருந்து வந்தவைதான். யாரும் அதை மோசடி என்பதில்லை.

அந்த 82 சதுர மில்லிமீட்டர் சில்லில் அச்சானது 3 எம்பி கேச். முழுதாக விட்டால் அது கோர் டூ டுயோ இ7000 வரிசை. 2 எம்பி என்று அடைத்தால் பென்டியம் இ5000, இ6000 வரிசைகள். 1 எம்பி என்று அடைத்தால் செலரான் இ3000 வரிசை. பஸ் வேகத்திலும் கொஞ்சம் கூட்டல் குறைத்தல். ஒரே சில்லு, மூன்று பெயர், நான்கு வரிசை. இதற்கு மேலே இருந்த இ8000 வரிசை மட்டும்தான் 6 எம்பி கேச்சோடு வேறு, பெரிய சில்லு.

ஆலை உவமை இத்தோடு நின்றால் பரவாயில்லை. தொழில் பழகப் பழக, கெட்டுப்போகும் சில்லு குறைந்துகொண்டே வரும். மலிவான சரக்குக்கோ கிராக்கி குறையாது. அப்போது என்ன செய்வார்கள்? நல்ல முழு அரிசியை எடுத்து, உடைத்து, நொய் என்று விற்பார்கள். அரிசி ஆலைக்காரர் யாரும் செய்யாத காரியம். முழு அரிசியை முழு விலைக்கு வாங்கும் ஆளுக்கு, பக்கத்தில் அதே அரிசி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தெரியக் கூடாது. அதற்காக உடைப்பது.

ஏஎம்டி பக்கம் இது வெட்டவெளிச்சமாகவே தெரிந்தது. 2009 ஜூனில் வந்த பெனம் 2 எக்ஸ்2 550, பெயரில் இரட்டை கோர். உள்ளே நான்கு கோர் இருந்தது, இரண்டை முடக்கியிருந்தார்கள். சில மதர்போர்டுகளின் பயாஸில் ஒரு வசதியை இயக்கினால் முடக்கிய கோர்கள் கண் விழித்தன. எல்லாச் சில்லிலும் இல்லை. சிலவற்றில் உண்மையாகவே கெட்ட கோர், சிலவற்றில் நல்லதையே அடைத்திருந்தார்கள். லாட்டரிச் சீட்டுதான்.

வசதிகளை எடுத்து வைப்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு விண்டோஸுக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் விர்ச்சுவலைசேஷன் வசதி, நடுப்படியில் இருந்த பென்டியம் இ5200-ல் இல்லை. அதைவிடக் கீழ்ப்படியான செலரான் இ3000 வரிசையில் இருந்தது. விண்டோஸ் 7 வந்த புதிதில் அதன் ‘எக்ஸ்பி மோட்’ ஓட அந்த வசதி தேவைப்பட்டது. பழைய கணக்கு சாஃப்ட்வேரை ஓட்ட நினைத்த கடைக்காரர், செலரான் வாங்கியிருந்தால் தப்பித்தார். கூடக் காசு கொடுத்து இ5200 வாங்கியிருந்தால் மாட்டிக்கொண்டார்.

ஐம்பது டாலர் அட்டை

2010 செப்டம்பரில் இன்டெல் ஒரு காரியம் செய்தது. இந்தத் துறையின் மனசைத் திறந்து காட்டியது அது ஒன்றுதான் என்பேன்.

அமெரிக்காவில் சில மலிவு கம்ப்யூட்டர்களில் பென்டியம் ஜி6951 என்ற இரட்டை கோர் சில்லை வைத்து விற்றார்கள். கூடவே கடையில் ஓர் அட்டை தொங்கும், போன் ரீசார்ஜ் கார்டு மாதிரி. விலை 50 டாலர். வாங்கி, சுரண்டி, உள்ளே இருக்கும் குறியீட்டை கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். சில்லில் அடைத்து வைத்திருந்த 1 எம்பி கேச்சும் ஹைப்பர்த்ரெடிங்கும் திறந்துகொள்ளும். ஹைப்பர்த்ரெடிங் என்பது ஒரே சமையல்காரர் இரண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வது. ஆள் கூடவில்லை, ஒரு அடுப்பு கொதிக்கும் நேரத்தில் இன்னொன்றைக் கிளறுகிறார்.

திட்டம் வந்த வேகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. ‘நான் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் இருப்பதை எனக்கே விற்கிறாயா’ என்று கேட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் சில சில்லுகளோடு தொடர்ந்துவிட்டு மூட்டை கட்டினார்கள். என் பார்வையில் இன்டெல் செய்த தவறு, உண்மையைச் சொன்னது. அந்த அட்டை வருவதற்கு முன்பும் சில்லுகள் அடைக்கப்பட்டுத்தான் வந்தன, பின்பும் அப்படித்தான். சாவியைக் கண்ணில் காட்டியதுதான் வித்தியாசம்.

ஐ7-லும் ரெண்டுதான்

இதற்குள் கோர் டூ பெயர்கள் போய் ஐ3, ஐ5, ஐ7 வந்துவிட்டன. நல்லது, மேலானது, மிக மேலானது. இந்த முறை பெயரில் எண்ணிக்கை இல்லை, படிநிலை மட்டும். ஒருவகையில் நாணயமான ஏற்பாடுதான். ஆனால் எண் என்று ஒன்றைக் கண்டால் நம்மவர்கள் அதை எண்ணாமல் விடுவார்களா? ஐ3 என்றால் மூன்று கோர், ஐ5 என்றால் ஐந்து, ஐ7 என்றால் ஏழு என்று அடித்துச் சொன்ன சேல்ஸ்மேனை நானே பார்த்திருக்கிறேன்.

ஐ3-ல் முதல் பல வருடம் இரண்டு கோர்தான். மெல்லிய லேப்டாப்களில் அப்போது ஐ7-லும் இரண்டுதான். 2016-ல் வந்த ஐ7-7500யூ, இரண்டு கோர். அடுத்த ஜனவரியில் டெஸ்க்டாப்புக்கு வந்த ஐ5-7500, நான்கு கோர். மறுபடியும் ஒரே எண்! அந்தக் கடைசி ‘யூ’ என்ற ஒற்றை எழுத்து, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம் என்பதற்கான அடையாளம். ஸ்டிக்கரில் ‘ஐ7’ பெரிதாக இருந்தது. ‘யூ’ என்ற எழுத்தே அதில் இல்லை.

பட்ஜெட் பக்கம் 2017 ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. 64 டாலருக்கு பென்டியம் ஜி4560-ஐ விட்டார்கள், இந்த முறை ஹைப்பர்த்ரெடிங்கோடு. இரண்டு கோர், நான்கு த்ரெட் (இரண்டு சமையல்காரர், நான்கு அடுப்பு), 3.5 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேச். அதே சமயம் 117 டாலருக்கு ஐ3-7100. இரண்டு கோர், நான்கு த்ரெட், 3.9 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேச். ஏவிஎக்ஸ் போன்ற சில கட்டளைகள் பென்டியத்தில் இல்லை என்பதைத் தவிர, ஐ3-க்கு ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்புக் காசு என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கேம் விளையாடும் பிள்ளைகள் ஜி4560-ஐ அள்ளினார்கள். அவர்களுக்கு 2014-ஆம் வருடப் பாடம் நினைவிருந்தது: பென்டியத்தின் இருபதாம் ஆண்டு என்று கொண்டாட்டமாக வந்த ஜி3258, இரண்டு கோர் இரண்டு த்ரெட். ‘ஃபார் க்ரை 4’ அதில் தொடங்கவே மறுத்தது.

ஏஎம்டி 2018-ல் அத்லான் 200ஜிஇ என்று 55 டாலருக்கு எதிர்ச்சரக்கு இறக்கியது. அதுவும் இரண்டு கோர், நான்கு த்ரெட், போதுமான கிராபிக்ஸ். பில் போடும் மெஷினுக்கும் வீட்டுக்கும் அருமையான சில்லு.

வெள்ளியும் தங்கமும்

மலிவு என்றால் மோசம் என்று இந்தக் கட்டுரை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியின் இ6300 ஆறு வருடம் உழைத்தது. டைப் அடிக்க, படம் பார்க்க, ஜாவா கற்றுக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது. எனக்கு உண்மையான கோபம் வருவது 2013-க்குப் பிறகு நடந்ததில்.

அதுவரை பென்டியம், செலரான் என்றால் பெரிய சில்லின் குறைக்கப்பட்ட வடிவம். அஞ்சறைப்பெட்டி சிறிது, சமையல்காரர் அதே ஆள். 2013-ல் ஆட்டம் குடும்பத்துச் சில்லுகளுக்கும் இதே பெயர்களை வைத்தார்கள். ஆட்டம் என்பது நெட்புக் காலத்தில் மந்தம் என்று பெயர் கெட்டுப்போன சிறு கோர். ஆளையே மாற்றிவிட்டு, சட்டையில் பழைய பெயர் அட்டையைக் குத்திவிட்டார்கள். ஒரு ஷோரூமில் இரண்டு பென்டியம் லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று பெரிய கோர், ஒன்று சின்னக் கோர். எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற எழுத்து இருந்தால் சின்னது. இதை ஷோரூமில் யார் சொல்வார்கள்?

2017 கடைசியில்தான் பிரித்தார்கள்: பெரிய கோர் என்றால் ‘பென்டியம் கோல்டு’, சின்னக் கோர் என்றால் ‘பென்டியம் சில்வர்’. அதிலும் வேடிக்கை விடவில்லை. பென்டியம் சில்வர் என்5000-ல் நான்கு கோர். பென்டியம் கோல்டு ஜி5400-ல் இரண்டு. எண்ணிப் பார்த்து வாங்கினால் வெள்ளி ஜெயிக்கும். ஓட்டிப் பார்த்தால் தங்கம் ஜெயிக்கும். ‘ரெண்டைவிட நாலு பெரிசு’ என்ற நம் ஒரே பிடிமானமும் போனது.

செலரான் என்4020 வைத்த லேப்டாப்களை வாங்கியவர்களுக்கு நான் என்ன பேசுகிறேன் என்று தெரியும். இரண்டு சின்னக் கோர். அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், கொஞ்ச நேரம் 2.8 வரை தம் கட்டும். விளம்பரத்தில் 2.8 மட்டும் இருக்கும். ஆன்லைன் வகுப்பு வீடியோவையும் நான்கு பிரவுசர் டேபையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் அம்பு நகராமல் நிற்கும்.

ஆனால் அதே குடும்பத்துச் சில்லுக்கு 2021-ல் ராஜமரியாதை கிடைத்தது. விண்டோஸ் 11 ஓட அனுமதிக்கப்பட்ட பிராசஸர்கள் என்று மைக்ரோசாப்ட் ஒரு பட்டியல் போட்டது. செலரான் என்4020 உள்ளே. 2017-ல் வந்த, நான்கு கோர் எட்டு த்ரெட், 4.2 கிகாஹெர்ட்ஸ் ஐ7-7700கே வெளியே! தலைமுறைதான் தகுதி, திறன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விலையைக் குறித்த பெயரும் போய், வேகத்தைக் குறித்த எண்ணும் போய், பிறந்த வருடம் மட்டும் மிஞ்சியது.

2022-ல் ஏஎம்டி செய்தது இன்னொரு கூத்து. ‘7000 வரிசை’ என்று புதுப்பெயரில் மலிவு லேப்டாப் சில்லுகளை அறிவித்தார்கள். அத்லான் கோல்டு 7220யூ அதில் ஒன்று, இரட்டை கோர். முதல் இலக்கம் 7 என்பது விற்பனை வருடத்தைக் குறிக்கிறது. கட்டமைப்பைக் குறிப்பது மூன்றாவது இலக்கம். அது 2, அதாவது 2019-ல் வந்த ‘ஜென் 2’ கட்டமைப்பு. புதுப் பாட்டிலில் பழைய கஷாயம். எண்ணை வாசிக்க ஏஎம்டியே ஒரு சக்கரப் படம் வெளியிட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் இன்டெல் இதைச் சுட்டிக்காட்டி, ‘பழைய சரக்கைப் புதிது என்று விற்கிறார்கள்’ என்று ஓர் ஆவணமே போட்டது. அத்லான் கோல்டு 7220யூ உள்ளிட்ட அந்தச் சில்லுகளின் உள்பெயர் என்ன தெரியுமா? மெண்டோசினோ.

இரண்டு இ6300-களை விற்ற நிறுவனம் இன்னொருவருக்குப் பெயர் நாணயம் போதித்ததைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. ஆவணத்தைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்.

பென்டியமும் செலரானும் இன்று புதிதாக வருவதில்லை. லேப்டாப்களில் 2023 முதல் அந்தப் பெயர்களுக்குப் பதிலாக ‘இன்டெல் பிராசஸர்’ என்று மட்டும் இருக்கும் என்று 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஆமாம், இனி அதன் பெயர் ‘பிராசஸர்’. சோற்றுக்குச் சோறு என்று பெயர். டெஸ்க்டாப்புக்கு 2024 ஜனவரியில் வந்தது ‘இன்டெல் பிராசஸர் 300’. இரண்டு பெரிய கோர், நான்கு த்ரெட், 3.9 கிகாஹெர்ட்ஸ். ‘இன்டெல் பிராசஸர் என்100’ என்றும் ஒன்று உண்டு. அதில் நான்கு கோர், நான்கும் சின்னது. இரண்டும் ஒரே பெயரில்தான் கடைக்கு வருகின்றன.

அதனால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது ‘ஐ3-யா, பென்டியமா’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கொட்டேஷனில் பெயர், எண், எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் எழுத்துகள் எல்லாவற்றையும் முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் போனில் தட்டி, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்திலேயே கோர் எத்தனை, த்ரெட் எத்தனை, கேச் எவ்வளவு, வெளிவந்தது எந்த வருடம் என்று கடை வாசலில் நின்றே பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பில்லிலும் அதே எண் முழுதாக இருக்கட்டும். எங்கள் பில்லில் ‘இ6300’ என்று மட்டும்தான் இருந்தது.